மெதுவாக நடப்பவர் முன்னால் செல்லட்டும்

மலையேறும் கூட்டத்தில் யார் முன்னால் நடக்க வேண்டும்? சென்ற ஆண்டு யாராவது என்னிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், "வலிமை உள்ளவர்" என்று சற்றும் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். வேகமாக நடப்பவர் முன்னால் போவார். மற்றவர்கள் மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேர்வார்கள். பள்ளியின் நெடுந்தூர ஓட்டத்திலிருந்து பல்கலைக்கழகத் தேர்வு வரை நான் கண்ட உலகம் அப்படித்தான் இயங்கியது.

அந்த எண்ணத்தைச் சரவாக் மாநிலத்தின் முருட் மலையில் ஒரு தேவாலயக் குழுவினர் மாற்றினார்கள். அவர்கள் தமிழர்கள் அல்லர்; நானோ இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். பிறகு ஏன் அந்தப் பயணத்தைப் பற்றித் தமிழ்மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு என்னுடன் மலையேறி வந்தால், அதை இறங்கும் வழியில் சொல்கிறேன்.

என் விடுதி அறைத்தோழி சரவாக்கின் வடகோடியில், இந்தோனேசிய எல்லையை ஒட்டியுள்ள பாக்கெலாலான் என்னும் மேட்டுநிலக் கிராமத்தைச் சேர்ந்தவள். லுன் பாவாங் இனத்தவள். 'லுன்' என்றால் மக்கள். 'பாவாங்' என்றால் ஊர் அல்லது நாடு. மூன்று ஆண்டுகளாக ஒரே அறையில் இருக்கிறோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டிற்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்திருக்கிறாள். சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையின்போது, "எங்கள் ஊர்த் தேவாலயத்தார் முருட் மலைக்கு வழிபாட்டுப் பயணம் போகிறார்கள். நீயும் வருகிறாயா?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். இணைப்புச் சரியாக இல்லை. "முருகன் மலைக்கா? தாராளமாகப் போய்விட்டு வா. அர்ச்சனைக்குப் பணம் போட்டுவிடட்டுமா?" என்றார் அம்மா. விளக்கிச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு, "எந்தச் சாமியாக இருந்தால் என்ன, சாமி கும்பிடப் போகிறவர்களோடுதானே போகிறாய். பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். அம்மாவின் கணிப்பு பொய்க்கவில்லை.

முருட் மலை சரவாக்கின் மிக உயரமான மலை. அதன் உயரம் 2,424 மீட்டர். கினபாலு மலையின் 4,095 மீட்டரோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் தீபகற்ப மலேசியாவின் உயரமான மலையான தாஹான் 2,187 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் தன்மை புரியும். 2005-ஆம் ஆண்டில் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பூலோங் தாவ் தேசியப் பூங்காவிற்குள் அது அடங்கியுள்ளது. 'பூலோங் தாவ்' என்றால் அம்மக்களின் மொழியில் 'நம் காடு' என்று பொருள். அரசாங்கப் பதிவேட்டில் 'நம் காடு' என்று தம் சொந்த மொழியிலேயே எழுத வைத்த ஒரு சிறு இனத்தை எண்ணி அப்போதே எனக்குச் சற்றுப் பொறாமை ஏற்பட்டது.

தேவாலயத்திற்கும் இந்த மலைக்கும் என்ன தொடர்பு? ஒரு நூற்றாண்டுக்கு முன் லுன் பாவாங் மக்கள் குடிப்பழக்கத்தாலும் நோய்களாலும் நலிந்து, அழிந்துவிடக்கூடிய ஓர் இனமாகவே கருதப்பட்டனர். 1928-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் தொடங்கப்பட்ட போர்னியோ இவாஞ்சலிக்கல் மிஷன் என்னும் சமயப் பணிக்குழு சரவாக்கிற்கு வந்தது. முப்பதுகளில் லுன் பாவாங் மக்களிடையே கிறித்துவம் பரவியது, குடியும் குறைந்தது. ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டுப் பணியாளர்கள் சிறைமுகாமில் அடைக்கப்பட்டனர். வெள்ளைக்காரர்கள் இல்லாவிட்டால் சபை கலைந்துவிடும் என்றுதான் யாரும் எண்ணியிருப்பார்கள். கலையவில்லை. உள்ளூர் மக்களே அதைக் காத்தார்கள். 1959-ஆம் ஆண்டில் அது சிடாங் இஞ்சில் போர்னியோ என்னும் சொந்தத் திருச்சபையாக உருவெடுத்தது.

பிறகு, 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாரியோ மேட்டுநிலத்தில் ஒரு சமய எழுச்சி தோன்றியது. அதைத் தொடங்கி வைத்தவர்கள் போதகர்கள் அல்லர், இடைநிலைப்பள்ளி மாணவர்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் பாக்கெலாலானிலும் அத்தகைய எழுச்சி ஏற்பட்டது. 1985-ஆம் ஆண்டிலிருந்து அங்குள்ள மக்கள் முருட் மலைமேல் ஏறிச் சென்று கூடி வழிபடத் தொடங்கினார்கள். உச்சிக்குச் சற்றுக் கீழே மரத்தால் ஆன வழிபாட்டுக் கூடமும் தங்கும் குடில்களும் எழுந்தன. பலகைகளையும் ஆணிகளையும் கூரைத் தகடுகளையும் மனிதர்களே முதுகில் சுமந்து சென்றதாக அறைத்தோழியின் தந்தை என்னிடம் கூறினார். அவரும் அப்படிச் சுமந்தவர்களில் ஒருவர்.

கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலுவிற்கு விமானம். அங்கிருந்து சபா எல்லையைக் கடந்து சரவாக்கின் லாவாஸ் பட்டணத்திற்குப் பேருந்து. ஒரே நாட்டிற்குள் பயணம் செய்தாலும் குடிநுழைவுச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பது தீபகற்பத்தில் வளர்ந்த எனக்குப் புதுமையாக இருந்தது. லாவாசில் தொடங்கியது உண்மையான பயணம். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மலைப்பாதை. லோங் செமாடோ வழியாக ஹைலக்ஸ் வண்டியில் குலுங்கிக் குலுங்கிச் சென்றோம். செம்மண் சேற்றில் வண்டி இருமுறை சிக்கிக்கொண்டது. எதிரே வந்த வண்டிக்காரர்கள் தாங்களாகவே இறங்கி வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டுப் போனார்கள். யாரும் யாரிடமும் உதவி கேட்டதாகத் தெரியவில்லை. நன்றி சொன்னதும் கையசைத்துவிட்டுப் புறப்பட்டார்கள்.

மாலையில் பாக்கெலாலானை அடைந்தோம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவில் நெல்வயல்கள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் ஆப்பிள் மரங்கள் காய்ப்பதை முதன்முதலாக அங்குதான் கண்டேன். உப்பு ஊற்று நீரைக் காய்ச்சி எடுத்த மலையுப்பைத் தொட்டுக்கொண்டு வெள்ளரிக்காய் தின்றேன்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். மொத்தம் முப்பத்தொரு பேர். எழுபது வயதைக் கடந்த பாட்டிகள் இருவர், பள்ளிச் சிறுவர்கள் ஐவர், மிரி நகரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர், நான். வெட்டுமரப் பாதையில் லெப்போ புங்கா என்னும் இடம் வரை வண்டி போகும். அதற்கு மேல் கால்களை நம்ப வேண்டியதுதான். ஆரம்ப காலத்தில் கிராமத்திலிருந்தே நடந்தார்களாம்.

நான் கடனாக வாங்கிய விலையுயர்ந்த மலையேற்றக் காலணியை அணிந்திருந்தேன். மற்றவர்களோ 'கம்போங் அடிடாஸ்' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் மலிவான கறுப்பு இரப்பர் காலணியை அணிந்திருந்தார்கள். அரை மணி நேரத்திலேயே யாருடைய காலணி சிறந்தது என்று தெரிந்துவிட்டது. பாசி படிந்த வேர்களில் நான் வழுக்கி வழுக்கி விழுந்தேன். முழங்கால் அளவு சேறு. காலுறைக்குள் அட்டைகள். பிரம்புக் கூடையைச் சுமந்துகொண்டு பாட்டிகள் என்னைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் நான் கூட்டத்தின் கடைசி ஆளாகிவிட்டேன்.

முதல் ஓய்விடத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். அவமானமாக இருந்தது. குழுவின் தலைவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், திருச்சபையின் மூப்பர். அவரை எல்லோரும் 'அங்கிள்' என்றே அழைத்தார்கள். அவர் என் பையை வாங்கி ஓர் இளைஞனிடம் கொடுத்துவிட்டு, "மகளே, இனி நீ முன்னால் நட" என்று மலாயில் சொன்னார்.

நான் மறுத்தேன். "என்னால் எல்லாருக்கும் தாமதமாகும், அங்கிள். நீங்கள் போங்கள், நான் பின்னால் வந்துவிடுகிறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "வேகமானவன் முன்னால் போனால் கூட்டம் இரண்டாக உடையும். அப்படி உடைந்தால் பின்னால் இருப்பவன்தான் வழி தவறுவான். அவனைத் தேட மீண்டும் எல்லோரும் கீழே இறங்க வேண்டும். மெதுவானவன் முன்னால் போனால் கூட்டம் ஒன்றாகவே இருக்கும். வலிமையானவன் கடைசியில் வர வேண்டும். கீழே விழுவதை எடுப்பதற்கு அவனுக்குத்தான் பலம் இருக்கிறது" என்றார்.

வழி தெரிந்த ஒருவர் என் பக்கத்திலேயே நடந்தார். நான் நின்றால் முப்பது பேரும் நின்றார்கள். நான் நடந்தால் நடந்தார்கள். முதலில் என் முதுகின்மேல் முப்பது பேருடைய பார்வையும் பாரமாக இருப்பதுபோல் தோன்றியது. "சீக்கிரம்" என்ற சொல்லை எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதிலாகப் பாட்டு வந்தது. பின்னால் யாரோ ஒருவர் லுன் பாவாங் மொழியில் ஒரு பாட்டைத் தொடங்க, எல்லோரும் சேர்ந்து கொண்டார்கள். கவனித்துக் கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் பாட்டின் தாளம் என் நடையின் வேகத்தில் இருந்தது. மதியம் இலையில் பொதிந்த குழைந்த சோற்றைப் பிரித்துத் தின்றோம். அதை 'நுபா லாயா' என்கிறார்கள். ஐந்து மணி நேரத்தில் முடிய வேண்டிய நடை எட்டு மணி நேரம் எடுத்தது. ஆனால் முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் முகாமை அடைந்தோம்.

இரவில் கடுங்குளிர். மரக்கூடத்தில் விளக்கேற்றி வழிபாடு தொடங்கியது. வழிபாடு முழுவதும் லுன் பாவாங் மொழியில் நடந்தது. அவர்களுடைய முழு வேதாகமம் அவர்கள் மொழியில் 'பாலா லுக் டோ' என்னும் பெயரில் 1982-ஆம் ஆண்டில் வெளிவந்திருக்கிறது. 'நற்செய்தி' என்பது அதன் பொருள். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தோழியின் அத்தை என் அருகில் அமர்ந்து மெல்லிய குரலில் மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். நீயும் மண்டியிட வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் கைகூப்பி உட்கார்ந்திருந்தேன்.

முதலில் வேண்டுதல் செய்ய யாரை அழைத்தார்கள் தெரியுமா? மூப்பரை அல்ல. மிரியில் பிறந்து வளர்ந்த பதினேழு வயதுப் பையனை. அவனுடைய தாயார் வேறு இனத்தவர். வீட்டில் மலாய்தான் பேசுவார்களாம். அவன் எழுந்து நின்றான். லுன் பாவாங் மொழியில் இரண்டு வாக்கியங்கள் சொன்னான். மூன்றாவதில் ஒரு சொல் கிடைக்காமல் தடுமாறி நின்றான். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர், கண்ணைத் திறக்காமலேயே, அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தை முடித்தான். மேலும் இரண்டு இடங்களில் தடுமாறினான். மேலும் இரண்டு சொற்கள் வந்தன. வேறு எதுவும் நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பாராட்டிக் கைதட்டவும் இல்லை. அடுத்தவர் எழுந்தார்.

மறுநாள் காலையில் உச்சிக்கு நடந்தபோது அந்தப் பையன் பாட்டியின் பக்கத்திலேயே நடந்தான். வழியில் குடுவைத் தாவரங்கள் தொங்கின. அவற்றுள் ஒன்று இம்மலையின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கி நிற்கும் வகை. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அவன் ஒவ்வொரு செடியாகக் காட்டி அதன் பெயரைக் கேட்டான். பாட்டி சொல்லச் சொல்லத் திரும்பச் சொன்னான். முதல் நாள் இரவில் யாராவது ஒருவர் சிரித்திருந்தால் அவன் இப்படிக் கேட்டிருப்பானா என்று எண்ணினேன். எண்ணியவுடன் எனக்கு வியர்த்தது. அவ்வளவு குளிரிலும் வியர்த்தது.

ஏனென்றால் நான் சிரித்தவள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கழகத்தின் அறிமுக நிகழ்ச்சி நடந்தது. அப்போது நான் செயலவையில் இருந்தேன். புதிய மாணவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்கள். தேசியப் பள்ளியில் படித்து வந்த ஒரு மாணவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தமில் பேச கொஞ்சம் வெக்கமா இருக்கு" என்றார். "தமில்" என்றதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. அறிவிப்பாளர் விடவில்லை. "என்ன மொழி? இன்னொரு முறை சொல்லுங்க" என்றார். சிரிப்பு இரட்டிப்பானது. மேடையோரத்தில் நின்றிருந்த நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த மாணவரும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் கழகத்தின் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அனுபவத்தால் அறிந்தவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், மலாயில் என்னை அறிமுகம் செய்யச் சொன்னார்கள். ஒரு சொல்லின் முன்னொட்டை மாற்றிச் சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் நான் கை உயர்த்தவே இல்லை. விடை தெரிந்தும் உயர்த்தவில்லை. நம்மில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பலருக்கும் இத்தகைய ஒரு நாள் நினைவில் இருக்கும். அப்படிப்பட்ட நாமே, நமக்கு ஓர் ஒலிவாங்கி கிடைத்தவுடன் அதே காரியத்தை இன்னொருவருக்குச் செய்கிறோம்.

மலேசியாவில் தமிழ்க்கல்வி 1816-ஆம் ஆண்டில் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கி இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதைக் காக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மேடையில் முழங்குகிறோம். இளைஞர்கள் தமிழை விட்டு விலகுகிறார்கள் என்று கட்டுரை எழுதுகிறோம். விலகியவர்கள் தாமாக விலகினார்களா, அல்லது நாம் வேகமாக முன்னால் போய்விட்டதால் பின்தங்கினார்களா? நம் விழாக்களில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சொற்போர் வாகையர், கவிதை ஒப்புவிப்பவர், இலக்கியம் பயின்றவர். அவர்கள் நிற்கட்டும், நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ஆனால் தடுமாறுபவருக்கு நாம் கொடுக்கும் இடம் எது? பார்வையாளர் நாற்காலி, அதுவும் கடைசி வரிசை.

இக்கருத்தைச் செயலவை நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் வந்தன. அவை நியாயமான மறுப்புகளே.

முதல் மறுப்பு: "தவறாகப் பேசுபவர்களை முன்னிறுத்தினால் மொழியின் தரம் தாழ்ந்துவிடாதா?" முருட் மலையில் எனக்காக யாரும் மலையின் உயரத்தைக் குறைக்கவில்லை. 2,424 மீட்டரும் அப்படியே இருந்தது. நான் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்கும் தவறான சொல்லைச் சரியென்று யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பாட்டி சரியான சொல்லைத்தான் கொடுத்தார். ழகரத்தை லகரமாக ஒலிப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. திருத்த வேண்டும். திருத்துவதற்கும் சிரிப்பதற்கும் இடையில் ஒரு மலையளவு தூரம் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பாட்டி சொல்லைக் கொடுத்தார்; வாக்கியத்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாம் மறுப்பு: "அவர்களுக்குச் சமயம் இருக்கிறது. சமயப் பற்று அவர்களைச் சேர்த்து வைக்கிறது. மொழிக் கழகத்தோடு அதை எப்படி ஒப்பிடுவது?" இதில் உண்மை உண்டு. நம்பிக்கை இல்லாமல் அந்த மக்கள் பலகை சுமந்து மலையேறியிருக்க மாட்டார்கள். ஆயினும் சமயம் ஒன்றே மொழியைக் காத்துவிடாது. மலாயிலேயே வழிபாட்டை நடத்தியிருந்தால் எல்லோருக்கும், எனக்கும்கூட, எளிதாக இருந்திருக்கும். அவர்கள் தம் மொழியைத் தேர்ந்தெடுத்தார்கள். தெரியாதவர் பக்கத்தில் தெரிந்தவரை உட்கார வைத்தார்கள். அது சமயம் தந்த பண்பு மட்டுமன்று. மெனக்கெட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு. அதை யாரும் செய்யலாம்.

அவர்களை வானளாவப் புகழ்வது என் நோக்கமன்று. அவர்களுக்கும் கவலைகள் உண்டு. இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் மிரிக்கும் கூச்சிங்கிற்கும் போய்விடுகிறார்கள். அறைத்தோழியே தன் தம்பி மலாயில்தான் குறுஞ்செய்தி அனுப்புகிறான் என்று வருந்துவாள். எண்ணிக்கையில் அவர்கள் நம்மைவிட மிகச் சிறிய இனம். நமக்கு இருப்பதைப்போல் நாளிதழும் வானொலியும் தாய்மொழிப் பள்ளிகளும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஒருவரை இழந்தாலும் அது பேரிழப்பு என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். நாம் பெருங்கூட்டமாக இருப்பதாலோ என்னவோ, ஒருவர் பின்தங்கினால் திரும்பிப் பார்ப்பதில்லை.

மெதுவானவரை முன்னால் விடுவதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. எனக்காக அந்தக் கூட்டம் மூன்று மணி நேரத்தை இழந்தது. ஓர் இளைஞன் இரண்டு பைகளைச் சுமந்தான். நாமும் அத்தகைய விலையைக் கொடுக்க முன்வர வேண்டும். என் மனத்தில் தோன்றும் மூன்று செயல்களைக் கழகத்தின் முன் வைக்கிறேன்.

ஒன்று, அறிமுக நிகழ்ச்சியில் புதியவர்களை மேடையேற்றிச் சோதிப்பதை நிறுத்துவோம். சிறு சிறு வட்டங்களாக அமர்ந்து பேசுவோம். மூத்த மாணவர்கள் கடைசியாகப் பேசட்டும். இரண்டு, தமிழில் தடுமாறும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பக்கத்தில் அமர ஒரு துணையை ஏற்பாடு செய்வோம். ஆசிரியராக வேண்டாம், சொல் கிடைக்காதபோது சொல்லை மட்டும் தருகிற துணையாக இருந்தால் போதும். மூன்று, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்காதவர்களுக்கென்று நம் போட்டிகளில் ஒரு பிரிவை வைப்போம். அதைக் கடைசியில் ஒப்புக்கு நடத்தாமல், அரங்கு நிறைந்திருக்கும் நேரத்தில், முதலாவதாக நடத்துவோம்.

முருட்டிலிருந்து திரும்பிய பிறகு அந்த மாணவரைத் தேடிப் போனேன். உணவகத்தில் நண்பர்களோடு அமர்ந்திருந்தார். அவரைத் தனியே அழைத்து, அன்று நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். "அதெல்லாம் மறந்துட்டேன் அக்கா" என்றார். தமிழில்தான் சொன்னார். ஆனால் அவர் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு வரும்படி அழைத்தேன். பார்க்கலாம் என்றார். இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும் வரை அவர் வரவில்லை. வராதது அவருடைய குற்றமன்று. பாதையில் ஒருவரைத் தொலைத்துவிட்டு, முகாமில் நின்று கூப்பிட்டால் அவர் எப்படி வருவார்? தொலைத்த இடத்திற்கு நாம்தான் இறங்கிப் போக வேண்டும். மூப்பர் சொன்னது அதுதானே?

மலையிலிருந்து இறங்கும்போதும் நானே முன்னால் நடந்தேன். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்பதை என் முழங்கால்கள் அறியும். லெப்போ புங்காவில் வண்டிகள் காத்திருந்தன. திரும்பிப் பார்த்தேன். பாட்டிகள், சிறுவர்கள், மிரிப் பையன், கடைசியில் இரண்டு பைகளோடு அந்த இளைஞன், அவனுக்கும் பின்னால் மூப்பர். மூப்பர் விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். முப்பத்தொன்று வந்ததும்தான் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தார்.

நம் கழகமும் ஆண்டுதோறும் எண்ணுகிறது; எத்தனை கோப்பைகளை வென்றோம், எத்தனை விழாக்களை நடத்தினோம் என்று. இவ்வாண்டு முதல், நம்மோடு புறப்பட்டவர்களில் எத்தனை பேர் இன்னும் நம்மோடு நடக்கிறார்கள் என்றும் எண்ணுவோமே! தமிழில் வலிமை பெற்ற தோழர்களே, தோழியர்களே, நாம் சற்றுப் பின்னால் நடப்போம். மெதுவாக நடப்பவர் முன்னால் செல்லட்டும்.